விளையாட்டு வினையாகுமா? காலநிலைக் கொள்கையும் குடிமக்களின் பங்கேற்பும்

ஆற்றுப்படுகை (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். பொதுமக்கள் பங்கேற்புக்கான கூட்டங்களையும் பயிலரங்குகளையும் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். வெள்ளம், வெப்ப அலை, நிலத்தடி நீர் ஆகியவை தொடர்பாக ஓர் உள்ளாட்சி அமைப்பு அடுத்த சில ஆண்டுகளில் எடுக்க வேண்டிய முடிவுகளை மக்கள் முன் வைப்பதற்கு ஒரு விளையாட்டை உருவாக்கித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒப்புக்கொள்வதற்கு முன்னால் இந்தத் துறையில் அனுபவம் உள்ளவர்களிடம் மனம்விட்டுக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

கருத்துக்கேட்புக் கூட்டம் எப்படி நடக்கும் என்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மேடையில் அதிகாரிகள், எதிரே மக்கள், ஒருவருக்கு மூன்று நிமிடம். பேசுகிறவர் தம் கோரிக்கையைச் சொல்லிவிட்டு உட்காரலாம். அந்தக் கோரிக்கை நிறைவேறினால் ஆற்றின் மறுகரையில் இருப்பவருக்கு என்ன ஆகும், அதற்கான பணம் எந்தத் திட்டத்திலிருந்து பிடுங்கப்படும் என்பதை அவர் பார்க்க வழியே இல்லை. அதிகாரிக்கும் அதே நிலைதான். மக்கள் எதை விரும்பவில்லை என்பது அவருக்குத் தெரியவருகிறது, எந்த நிபந்தனையோடு எதை ஏற்றுக்கொள்வார்கள் என்பது தெரிவதில்லை. இந்த இடைவெளியை விளையாட்டு நிரப்பும் என்பதே என்னை ஈர்க்கும் வாதம்.

இதுவரை நடந்த முயற்சிகளைப் பார்க்கும்போது இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, விளையாட்டைக் கருத்துக்கணிப்பின் வாகனமாக ஆக்குவது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 2020இல் 'மிஷன் 1.5' என்ற கைப்பேசி விளையாட்டை வெளியிட்டது. ஆடுகிறவர் ஆட்சியாளரின் இடத்தில் இருந்து வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்தப் பார்க்கிறார், பிறகு தமக்கு வேண்டிய கொள்கைகளுக்கு வாக்களிக்கிறார். அதே ஆண்டின் இறுதியில் பிரபலமான கைப்பேசி விளையாட்டுகளின் நடுவே விளம்பரம் வரும் இடத்தில் கேள்விகளை வைத்து, 50 நாடுகளில் 12 லட்சம் பேரின் கருத்தைத் திரட்டினார்கள். மற்றொன்று, சிலரை ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்து, கொடுக்கல் வாங்கலாக ஆடவைப்பது.

'விளையாட்டு வினையாகும்' என்று எச்சரிப்பார்கள். நான் அதையே விருப்பமாகக் கேட்கிறேன்: விளையாட்டு உண்மையிலேயே வினையாக, ஓர் ஆணையாகவோ நிதி ஒதுக்கீடாகவோ, மாறுவதற்கு என்ன வேண்டும்?

எண்ணும்எழுத்தும்:

நல்ல கேள்வி. நான் புள்ளியியல் பக்கத்திலிருந்து பேசுகிறேன், முதல் வழியைப் பற்றி மட்டும்.

அந்த வாக்கெடுப்பைச் சிலர் 'விளையாட்டுத்தனம்' என்று ஒதுக்கியதை நான் ஏற்கவில்லை. பதிலளித்த 12 லட்சம் பேரில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். தேர்தலில் வாக்கு இல்லாத, வழக்கமான கணிப்புகளில் யாரும் கேட்காத, ஆனால் இந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழப்போகிற அவர்களை வேறு எந்த வழியிலும் அவ்வளவு பெரிய எண்ணிக்கையில் எட்டியிருக்க முடியாது. காலநிலை மாற்றம் உலகளாவிய அவசரநிலை என்று மொத்தத்தில் 64 விழுக்காட்டினர் சொன்னார்கள்; 18 வயதுக்கு உட்பட்டவர்களில் அது 69, 60 வயதைத் தாண்டியவர்களில் 58. தலைமுறைகளுக்கு இடையே பெரும் பிளவு இருப்பதாக நம்பிக்கொண்டிருந்த ஆட்சியாளர்களுக்கு வேறுபாடு 11 புள்ளிதான் என்பதே ஒரு செய்தி.

குறை எங்கே என்றால், விளையாட்டுக்குள் கேள்வி வந்து விழுகிறவர்கள் எல்லா மக்களையும் போன்றவர்கள் அல்லர். கைப்பேசி இருப்பவர், அதிலும் விளையாடும் பழக்கம் உள்ளவர், அதிலும் கேள்வியை மூடிவிடாமல் பதில் சொன்னவர் என்று மூன்று சல்லடைகளைத் தாண்டி வந்தவர்கள் அவர்கள். வயது, பால், கல்வி ஆகியவற்றுக்கு ஏற்ப எடையிட்டு, அதாவது குறைவாக வந்த குழுவின் பதில்களுக்குக் கூடுதல் மதிப்பு கொடுத்து, சரிசெய்யலாம். ஆனால் எடையிடுவதற்கு அந்தக் குழுவிலிருந்து போதிய பேராவது வந்திருக்க வேண்டும். 2024இல் வெளியான இரண்டாவது வாக்கெடுப்பு 77 நாடுகளில் சுமார் 75,000 பேரிடம், தற்செயலாகத் தேர்ந்தெடுத்த தொலைபேசி எண்களின் வழியாக நடத்தப்பட்டது. பதினாறில் ஒரு பங்கு ஆட்கள்தான். எனினும் அதை ஒரு நாட்டின் குரல் என்று ஓர் அமைச்சரிடம் நீட்டுவது எளிது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. முதல் வாக்கெடுப்பில் 18 கொள்கைகள் கேட்கப்பட்டன, பிடித்தவை அனைத்தையும் தேர்ந்துகொள்ளலாம். காடுகளையும் நிலத்தையும் காப்பது 54 விழுக்காட்டோடு முதலில் வந்தது. தாவர உணவை ஊக்குவிப்பது 30 விழுக்காட்டோடு கடைசியில் நின்றது. தன் தட்டில் கை வைக்காத கொள்கைக்குத் தலையாட்டுவதும், கை வைக்கும் கொள்கையிலிருந்து ஒதுங்குவதும் இயல்பு. எதையும் விட்டுக்கொடுக்காமல் சொல்லும் 'ஆம்' எவ்வளவு கனமானது என்பதை எந்த எடையிடலாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆற்றுப்படுகை சொல்லும் மேசை இங்கேதான் தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன்.

சோழி:

பத்து ஆண்டுகளுக்கு மேலாக இத்தகைய அமர்வுகளை நெறிப்படுத்தி வருகிறேன். மேசையில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் அருகில் காட்டினால் உதவியாக இருக்கும்.

செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் காலநிலை மையம் உருவாக்கிய ஒரு விளையாட்டு பகடைகளாலும் அவரை விதைகளாலும் ஆடப்படுகிறது. ஆடுகிறவர்கள் நிவாரணப் பணியாளர்கள். விதைகள் அவர்கள் கையிலுள்ள நிதி. வட்டாரம் முழுமைக்கும் ஒரு பகடை, அவரவர் ஊருக்கு ஒரு பகடை. இரண்டின் கூட்டுத்தொகை 10ஐத் தொட்டாலோ தாண்டினாலோ வெள்ளம். பகடை விழும் முன்பே ஒரு விதையைச் செலவிட்டு ஆயத்தமாக இருக்கலாம். ஆயத்தமில்லாமல் வெள்ளத்தில் மாட்டினால் பல விதைகள் போய்விடும். முன்னறிவிப்பு வேண்டுமென்றால் அதற்கும் ஏலம் கேட்க வேண்டும். வென்றவர்களுக்கு ஒளி ஊடுருவும் குவளை கிடைக்கும், வட்டாரப் பகடையை எட்டிப் பார்க்கலாம்; மற்றவர்கள் குருட்டாம்போக்கில் முடிவெடுக்க வேண்டும்.

நான் ஆட்டத்தின் நடுவில் ஒரு பகடையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எட்டு முகப் பகடையை வைப்பேன். வெள்ளத்தின் வாய்ப்பு ஆறில் ஒன்றாக இருந்தது பதினாறில் ஐந்தாக, ஏறக்குறைய இரு மடங்காக ஆகிவிடும். இதை நான் வாயால் சொல்வதில்லை. இரண்டு மூன்று சுற்றுக்குள் விதைகள் கரையும்போது கைகளே அதை உணர்ந்துகொள்கின்றன.

ஓர் அமர்வில் நிதித் துறையின் மூத்த அதிகாரி ஒருவரும், வெள்ளத்தில் இரண்டு முறை வீட்டை இழந்த ஒரு பெண்மணியும் ஒரே மேசையில் இருந்தார்கள். அதிகாரி ஆயத்தத்துக்குச் செலவிடாமல் விதைகளைச் சேர்த்து வைத்தார். அந்த அம்மையார் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விதை வைத்தார். வெள்ளம் வராத நான்காவது சுற்றில், "நான்கு விதையை வீணாக்கிவிட்டீர்களே அம்மா" என்றார் அதிகாரி. "வீணாகவில்லை ஐயா, நான்கு இரவு தூங்கினேன்" என்றார் அவர். மேசை அமைதியாகிவிட்டது. அந்த அதிகாரி ஆட்டம் முடிந்த பிறகும் எழுந்திருக்காமல், முன்னெச்சரிக்கை நிதியை ஆண்டின் இறுதியில் செலவாகாத பணம் என்று திருப்பிக் கேட்கும் தம் துறையின் விதியைப் பற்றி அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஒரு விதிதான் சிக்கலின் முடிச்சு என்பது எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாது.

வாய்மைநாடி:

சோழி விவரித்த காட்சி என்னைத் தொட்டது. ஆனாலும் என் ஐயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலாவதாக, அமர்வு முடிந்தவுடன் ஏற்படும் நெகிழ்ச்சியை நாம் வெற்றியாக எண்ணிவிடுகிறோம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தாரும் கிளைமேட் இன்டராக்டிவ் அமைப்பும் நடத்தும் 'வேர்ல்டு கிளைமேட்' பாவனைப் பேச்சுவார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். நாடுகளின் குழுக்களாகப் பிரிந்து, பசுங்குடில் வாயு உமிழ்வைக் குறைப்பதற்கான உறுதிமொழிகளைக் கொடுத்து, அவற்றைக் கணினி மாதிரியில் இட்டு, நூற்றாண்டின் இறுதியில் வெப்பம் எவ்வளவு உயரும் என்று பார்க்கிறார்கள். செல்வந்த நாடுகளுக்கு மேசையும் சிற்றுண்டியும், வறிய நாடுகளுக்குத் தரை; உறுதிமொழி போதாமல் கடல் மட்டம் உயர்ந்தால் தரையில் இருப்பவர்கள் மேல் நீலத் துணியை விரிப்பதும் உண்டு. எட்டு நாடுகளில் 2,042 பேரிடம் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், 81 விழுக்காட்டினருக்குக் காலநிலைக்காகச் செயல்பட வேண்டும் என்ற ஊக்கம் கூடியதாகக் கண்டார்கள். நல்லது. ஆனால் அளக்கப்பட்டது ஆடியவர்களின் ஊக்கம். எந்த அமைச்சரின் கோப்பில் எந்த வரி மாறியது என்பது அந்த அளவுகோலுக்குள் வரவே இல்லை.

இரண்டாவதாக, விதிகளை எழுதுகிறவரே முடிவையும் எழுதிவிடுகிறார். தடுப்புச் சுவருக்கு ஐந்து விதை, இடம்பெயர்வுக்கு இரண்டு விதை என்று அட்டையில் அச்சிட்டுவிட்டால் மக்கள் இடம்பெயர்வைத்தான் தேர்வார்கள். பிறகு 'மக்களே விரும்பினார்கள்' என்று அறிக்கை வரும். அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். கீழ்ப்படி மக்களை வசப்படுத்துவது, மேல்படி அதிகாரத்தை மக்களே ஏந்துவது. வண்ண அட்டைகளும் கைத்தட்டலும் கொண்ட ஒரு விளையாட்டு நம்மைக் கீழ்ப்படியிலேயே நிறுத்திவைத்து, மேலே ஏறிவிட்டதாக உணரவைக்கும் ஆற்றல் உடையது. நேரடியான பொய்யைவிட நான் இதற்கு அதிகம் அஞ்சுகிறேன்.

ஆற்றுப்படுகை:

வாய்மைநாடி, இரண்டாவது ஐயத்துக்குப் பதிலாக ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். கறாராகப் பார்த்தால் அது விளையாட்டு அல்ல, ஆனால் விளையாட்டின் உயிர் அதில் இருந்தது.

நெதர்லாந்தில் 1993இலும் 1995இலும் ரைன், மியூஸ் ஆறுகள் பெருக்கெடுத்தன. 1995இல் சுமார் 2,50,000 பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. அதன் பின் கரைகளை மேலும் உயர்த்துவதற்குப் பதிலாக 'ஆற்றுக்கு இடம்' என்ற திட்டத்தை எடுத்தார்கள். ரைன் ஆறு நாட்டுக்குள் நுழையும் லோபித் என்ற இடத்தில் வினாடிக்கு 16,000 கன மீட்டர் நீர் வந்தாலும் தாங்க வேண்டும் என்பது இலக்கு. எங்கே கரையைப் பின்னுக்குத் தள்ளுவது, எங்கே வெள்ளச் சமவெளியைத் தாழ்த்துவது, எங்கே பக்கக் கால்வாய் வெட்டுவது என்று சுமார் 700 சாத்தியங்கள் இருந்தன. அவற்றையெல்லாம் ஒரு கணினிக் கருவியில் இட்டார்கள். டச்சு மொழியில் அதை 'பிளோக்கன்டோஸ்', கட்டைப் பெட்டி என்றே அழைத்தார்கள், குழந்தைகள் அடுக்கி விளையாடும் கட்டைகளை நினைத்து. ஒரு சாத்தியத்தைத் தேர்ந்தவுடன் ஆற்றின் நெடுகிலும் நீர்மட்டக் கோடு எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்பதும், செலவு எவ்வளவு என்பதும் திரையில் தெரியும்.

அந்தக் கருவி அதிகாரிகளிடமும் உள்ளூர் மன்றங்களிடமும் ஒன்றாகவே இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'எங்கள் ஊரில் வெட்டாதீர்கள்' என்று சொன்னவர், அப்படியானால் வேறு எங்கே அந்தச் சென்டிமீட்டர்களை எடுப்பது என்பதையும் அதே திரையில் காட்ட முடிந்தது, காட்ட வேண்டியும் இருந்தது. 700 சாத்தியங்கள் 40க்கும் குறைவான பணிகளாகச் சுருங்கின. வேலைகள் உண்மையாகவே நடந்து முடிந்தன.

ஆகவே விதியை எழுதுகிறவர் முடிவை எழுதிவிடுவார் என்ற அச்சத்துக்கு, விதிகளைத் திறந்து வைப்பதே மருந்து என்று நினைக்கிறேன். தடுப்புச் சுவருக்கு ஏன் ஐந்து விதை என்று ஆடுகிறவர் கேட்டால் அந்தக் கணக்கை எடுத்துக் காட்ட வேண்டும். அது தவறு என்று அவர் நிறுவினால் ஆட்டத்தின் நடுவிலேயே அட்டையைத் திருத்த வேண்டும், திருத்தியதையும் பதிவுசெய்ய வேண்டும். பெரும்பாலும் அந்தத் திருத்தங்களில்தான் அரசுக்குத் தெரியாத உள்ளூர் அறிவு வெளிப்படும்.

எண்ணும்எழுத்தும்:

எடுத்துக்காட்டு அருமை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: மேசையில் மக்கள் நடந்துகொள்வதை அவர்களுடைய குணம் என்று படித்துவிடக் கூடாது, பல நேரங்களில் அது விதியின் விளைவு.

ஜெர்மன் உயிரியலாளர் மன்ஃபிரெட் மிலின்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை அழகாகக் காட்டியது. ஆறு பேர் கொண்ட குழு, ஒவ்வொருவருக்கும் 40 யூரோ, பத்துச் சுற்றுகள், ஒவ்வொரு சுற்றிலும் பொதுக் கணக்கில் 0, 2, 4 யூரோக்களில் ஒன்றைப் போடலாம். இறுதியில் 120 யூரோ சேர்ந்திருந்தால் கையில் மிஞ்சியது அவரவர்க்கு. சேராவிட்டால் குறிப்பிட்ட வாய்ப்பில் எல்லாவற்றையும் இழக்க நேரிடும். இழப்பின் வாய்ப்பு 90 விழுக்காடாக இருந்தபோது பத்துக் குழுக்களில் ஐந்து வென்றன. 50 விழுக்காட்டில் ஒன்று. 10 விழுக்காட்டில் ஒன்றுகூட இல்லை.

கடைசிக் குழுக்களைப் பொறுப்பற்றவர்கள் என்று சொல்லிவிடத் தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள்: நியாயமாக 20 யூரோ போட்டால் 20 மிஞ்சும், எதுவும் போடாமல் 10 விழுக்காட்டு அபாயத்தை ஏற்றால் சராசரியாக 36 மிஞ்சும். அந்த விதிக்குள் அவர்கள் செய்தது சரியான கணக்கு. எனக்கு வியப்பூட்டியது மறுபக்கம்தான். ஒத்துழைத்தால் எல்லோருக்கும் லாபம் என்பது தெளிவாகத் தெரிந்த 90 விழுக்காட்டிலும் பாதிக் குழுக்கள் தோற்றன. ஆபத்தைப் புரியவைத்தால் போதும் என்று நம்பும் கொள்கை வகுப்போர் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நெடுங்கோப்பு:

நான் அரசு நிர்வாகத்தின் உள்ளே இருப்பவன். எந்த நாடு, எந்தத் துறை என்பதை விட்டுவிடுகிறேன். இந்த இழையில் எங்கள் பக்கம் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் ஒரு பங்கேற்பு விளையாட்டின் அறிக்கை வந்தது. பல மாத உழைப்பு, நூற்றுக்கணக்கான மக்கள், நல்ல படங்கள். அது என் மேசைக்கு வந்தபோது ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டு ஆறு வாரம் ஆகியிருந்தது. அறிக்கையில் 'பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் பசுமைத் தீர்வுகளை ஆதரித்தனர்' என்று எழுதியிருந்தது. அதை வைத்து நான் எதை மாற்ற முடியும்? மனம் கனத்து, அதைப் பின்னிணைப்பாகச் சேர்த்துக் கோப்பை மூடினேன். அந்த மக்களில் ஒருவருக்கும் நாங்கள் பதில் எழுதவில்லை. அந்தக் குற்றவுணர்வோடுதான் இதைச் சொல்கிறேன்.

கொள்கை என்பது ஒரு நாள் எடுக்கும் முடிவு அல்ல. முதலில் சிக்கலுக்குப் பெயர் வைக்கிறோம், பிறகு மாற்று வழிகளைப் பட்டியலிடுகிறோம், செலவு பார்க்கிறோம், சட்ட ஆலோசனை, நிதித் துறையின் ஒப்புதல், அதன் பின்னர்தான் அறிவிப்பு. மாற்று வழிகளைப் பட்டியலிடும் கட்டத்துக்குள் மக்கள் வந்துவிட்டால் அவர்கள் சொல்வதற்கு எடை உண்டு. அதைத் தாண்டிவிட்டால் எவ்வளவு நேர்மையான அதிகாரிக்கும் கை கட்டப்பட்டுவிடும். ஆகவே ஆற்றுப்படுகை முதலில் கேட்க வேண்டியது அவர்களுடைய கால அட்டவணையைத்தான். அட்டவணையைக் காட்ட மறுக்கும் அமைப்புக்காக விளையாட்டு செய்துகொடுக்காதீர்கள்.

இன்னொன்று, வாக்குறுதியின் அளவு. பிரான்சில் 2019 அக்டோபரில் குலுக்கல் முறையில் 150 குடிமக்களைத் தேர்ந்தெடுத்து, 1990ஐ ஒப்பிட 2030க்குள் உமிழ்வை 40 விழுக்காடாவது சமூக நீதியோடு குறைக்கும் வழிகளைக் கேட்டார்கள். அது விளையாட்டு அல்ல, மாதக்கணக்கில் நடந்த ஆழ்ந்த உரையாடல். 149 முன்மொழிவுகள் வந்தன. அவற்றை 'வடிகட்டாமல்' முன்னெடுத்துச் செல்வதாக அதிபர் மக்ரோன் சொல்லியிருந்தார். மூன்றை மட்டும் விலக்கி 146ஐ ஏற்பதாகவும் அறிவித்தார். 2021இல் சட்டம் வருவதற்குள் பல முன்மொழிவுகள் மெலிந்துவிட்டன. தங்கள் முன்மொழிவுகளை அரசு கையாண்ட விதத்துக்கு அந்த உறுப்பினர்கள் பத்துக்கு 3.3 மதிப்பெண்தான் இட்டார்கள். குறைவாகச் சொல்லி அதை முழுமையாகச் செய்திருந்தால் மனக்கசப்பு இவ்வளவு வந்திருக்காது என்பது என் கருத்து. 'இந்த நான்கு முடிவுகளில் இரண்டு இன்னும் திறந்திருக்கின்றன, அவற்றில் உங்கள் சொல்லுக்கு எழுத்தில் பதில் தருவோம்' என்று ஓர் அதிகாரி சொன்னால் அது சின்ன வாக்குறுதிதான், ஆனால் காப்பாற்றக் கூடியது.

கூத்துக்களரி:

நாடகத் துறையிலிருந்து ஒரு குறிப்பு. விளையாட்டிலிருந்து சட்டம் வரை போகும் பாதையை ஒருவர் முன்பே நடந்து காட்டியிருக்கிறார். பிரேசில் நாடகக் கலைஞர் அவுகுஸ்தோ போவால் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோ நகர மன்ற உறுப்பினராக இருந்தார். தம் குழுவினரை ஊர் ஊராக அனுப்பி, மக்களின் அன்றாடச் சிக்கல்களை நாடகமாக நிகழ்த்தச் செய்தார். பார்வையாளர் மேடையேறி, ஒரு பாத்திரத்தின் இடத்தை எடுத்துக்கொண்டு, வேறு முடிவை முயன்று பார்க்கலாம். அங்கே மீண்டும் மீண்டும் எழுந்த தீர்வுகளைச் சட்ட முன்வரைவுகளாக மாற்றி மன்றத்தில் வைத்தார். அந்த வழியில் 13 சட்டங்கள் நிறைவேறின.

இதில் காலநிலை இல்லை என்பதை அறிவேன். ஆனால் அமைப்பைக் கவனியுங்கள். மேடையில் தோன்றியதை முன்வரைவாக எழுத அவரிடம் ஆட்கள் இருந்தார்கள், மன்றத்தில் அவருக்கு இருக்கையும் வாக்கும் இருந்தன. நம் விளையாட்டுகளில் நெறியாளர் இருக்கிறார், வடிவமைப்பாளர் இருக்கிறார், படம் எடுக்க ஒருவர் இருக்கிறார். ஆடுகிறவர்கள் சொல்வதைச் சட்டத்தின் மொழியில் எழுதிக்கொள்ள ஒருவர் அந்த அறையில் இருக்கிறாரா?

சோழி:

கூத்துக்களரியின் கேள்வியை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அப்படி ஒருவரை அழைத்ததில்லை.

அதிகாரிகளை மேசைக்கு அழைப்பது பற்றி என் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன். பார்வையாளராக வரும் அதிகாரியால் பயன் குறைவு; பின்வரிசையில் இருந்து கைப்பேசியைப் பார்த்துவிட்டு, முடிவில் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆட வரும் அதிகாரியை அவருடைய சொந்தப் பதவியிலேயே ஆடவிட்டால், தம் துறையின் நிலைப்பாட்டை ஒப்பிப்பார். நீர்ப்பாசனப் பொறியாளரை மீனவராகவும், மீனவரை நிதி அதிகாரியாகவும் உட்காரவைத்தால்தான் இருவரும் எதிர்பாராததைச் சொல்வார்கள். ஆனால் மேலதிகாரியையும் அவருக்குக் கீழே பணிபுரிபவரையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். அந்தத் தவறை நான் ஒருமுறை செய்தேன். இரண்டு மணி நேரமும் இளையவர் தம் மேலதிகாரியின் முகத்தைப் பார்த்தே விதைகளை வைத்தார்.

யார் வரவில்லை என்பதும் பெரிய கேள்வி. மாலை ஆறு மணிக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கக்கூடியவர்கள் ஒரு வகையினர். கைக்குழந்தை உள்ளவர், கூலி வேலைக்குப் போகிறவர், எழுத்துக் கூட்டிப் படிப்பவர் ஆகியோர் வர வேண்டுமென்றால் அவர்களுடைய நேரத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், படிக்கத் தேவையில்லாத அட்டைகள் வேண்டும். அழகான திரைக்கும் செயலிக்கும் ஆகும் செலவில் பாதியை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. விதையும் பகடையும் போதும்.

ஆட்டம் முடிந்த பின் நடக்கும் உரையாடலுக்கு ஆட்டத்துக்கு ஒதுக்கிய அளவு நேரமாவது வேண்டும். "அந்த மூன்றாவது சுற்றில் ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்ற கேள்வியிலிருந்துதான் கொள்கைக்கு உதவும் சொற்கள் வருகின்றன.

எண்ணும்எழுத்தும்:

சோழியின் கடைசி வரியை ஒட்டி ஒரு சிறு குறிப்பு. அந்தக் காரணங்களைத்தான் பதிவுசெய்ய வேண்டும், தேர்வுகளை மட்டும் அல்ல. 40 பேர் ஆடிய ஆட்டத்தில் '60 விழுக்காட்டினர்' என்று எழுதுவதில் பொருள் இல்லை. அதே 40 பேர் ஒரு தேர்வுக்குச் சொன்ன ஒன்பது வகைக் காரணங்களையும் ஏழு நிபந்தனைகளையும் எழுதினால் அது அதிகாரிக்குப் பயன்படும். அந்த நிபந்தனைகளைக் கேள்விகளாக்கிப் பெரிய கருத்துக்கணிப்பில் கேட்கலாம். மேசையும் கைப்பேசியும் அப்படிக் கைகோக்க முடியும். விளையாட்டுகளையும் காலநிலைக் கொள்கையையும் இணைத்து ஆராய 'கிரேட்' என்ற பெயரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2023இல் தொடங்கிய ஆய்வுத் திட்டம்கூட இவ்விரண்டு வழிகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது.

பதிவுசெய்யும்போது பெயரை நீக்கிவிடுங்கள். நிலம், கடன், வீடு பற்றி மக்கள் விளையாட்டின் நடுவில் தம்மை மறந்து பேசிவிடுகிறார்கள்.

வாய்மைநாடி:

என் ஐயத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது இடம் மாறிவிட்டது. விளையாட்டு மக்களை ஏமாற்றும் என்று அஞ்சினேன். நெடுங்கோப்பு எழுதியதைப் படித்த பிறகு, விளையாட்டு நன்றாகவே நடந்து, மக்கள் உண்மையைச் சொல்லி, அது பின்னிணைப்பில் போய்ச் சேர்வதுதான் பெரிய ஏமாற்றம் என்று தோன்றுகிறது. ஒருமுறை அப்படி ஆனால் அடுத்த முறை அந்த மக்களை யார் அழைத்தாலும் வர மாட்டார்கள். வர வேண்டும் என்று சொல்லும் உரிமையும் நமக்கு இருக்காது.

ஆற்றுப்படுகை, இந்த வேலையை ஏற்பீர்களா?

ஆற்றுப்படுகை:

நேற்று அவர்களைச் சந்தித்தேன். இந்த இழையில் நீங்கள் எழுதியவற்றை வைத்து நான்கு கேள்விகளைக் கேட்டேன். எந்த முடிவுகள் இன்னும் திறந்திருக்கின்றன? மாற்று வழிகளின் பட்டியல் எந்த மாதம் மூடப்படும்? மேசையில் உட்காரப் போகிற அதிகாரி யார், அவருக்கு எதில் கையெழுத்திடும் அதிகாரம் உண்டு? முன்வரைவு எழுதத் தெரிந்த ஒருவரை இரண்டு நாளுக்கு அனுப்புவீர்களா?

முதல் இரண்டுக்கும் நேரடியாகப் பதில் சொன்னார்கள். வெப்ப அலைக்கான திட்டம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, அதை விளையாட்டிலிருந்து நீக்கிவிட்டோம். வெள்ளச் சமவெளியும் நிலத்தடி நீரும் இன்னும் ஐந்து மாதம் திறந்திருக்கும். சட்டப் பிரிவிலிருந்து ஓர் இளம் அலுவலர் வருவார். மூன்றாவது கேள்விக்குத்தான் தயங்கினார்கள். துணை நிலையில் உள்ள ஒருவரை அனுப்புவதாகச் சொன்னார்கள். கையெழுத்திடுகிறவரே வர வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை பதில் சொல்வார்கள். அவர் வந்தால் வேலையை ஏற்கிறேன், வராவிட்டால் விலகிக்கொள்கிறேன் என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டேன்.

பலகையின் முதல் வரைவும் தயார். முதல் கட்டத்தில் படம் எதுவும் இல்லை, ஒரு வெற்றுக் கோடும் அதன் கீழே 'இந்த நாளுக்குள் உங்களுக்குப் பதில் வரும்' என்ற வரியும் மட்டும் இருக்கின்றன. கையெழுத்திடும் அதிகாரி அதில் தேதியை எழுதிய பிறகே முதல் பகடை உருளும்.

நெடுங்கோப்பு:

தேதிக்குப் பக்கத்தில் பதவியின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். ஐந்து மாதத்துக்குள் ஆள் மாறக்கூடும். அடுத்து வருகிறவரையும் அந்தக் கோடு கட்டுப்படுத்த வேண்டும்.